டாஸ்க் மேனேஜரில் அறுபது ‘சர்விஸ் ஹோஸ்ட்’: எதை நிறுத்தலாம், எதைத் தொடக்கூடாது?

#1 தலவாக்கலை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. விண்டோஸ் 10, ராம் 4 ஜிபி, சாதாரண ஹார்ட் டிஸ்க். தவணைப் பரீட்சைத் தாள் டைப் செய்வது, பிள்ளைகளின் புள்ளிகளை எக்செலில் ஏற்றுவது, எப்போதாவது ஒரு சூம் கூட்டம். அவ்வளவுதான் வேலை. தினமும் திறப்பதில்லை. சனி, ஞாயிறில் திறந்தால் முதல் அரை மணித்தியாலம் மௌஸ் மட்டும்தான் அசையும்.

டாஸ்க் மேனேஜர் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது. கீழே போகப் போக முடிவில்லாத பட்டியல். ‘சர்விஸ் ஹோஸ்ட்’ என்ற ஒரே பெயர் மட்டும் அறுபதுக்கு மேல். டவுனில் ஒரு கடையில் காட்டினேன். வைரஸ்தான் இப்படிப் பெருகுகிறது, ஃபோர்மெட் அடிக்க வேண்டும் என்றார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ‘இவற்றுக்கெல்லாம் எண்ட் டாஸ்க் கொடுக்கலாம்’ என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள். எல்சாஸ், சிஎஸ்ஆர்எஸ்எஸ் எல்லாம் அதில் இருக்கிறது. எதை நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மூணுவீல் ராஜா

ஃபோர்மெட் அடித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் டீச்சர். எதற்குத் தலையை உடைத்துக்கொண்டு?

#3 சிங்கமலை

டீச்சர், அந்த வாட்ஸ்அப் பட்டியலை முதலில் அழித்துவிடுங்கள். சிஎஸ்ஆர்எஸ்எஸ் என்பது விண்டோஸின் அடித்தளப் புரோசஸ்களில் ஒன்று. அதை வலுக்கட்டாயமாக நிறுத்தினால் நீலத்திரை வந்து மெஷின் விழும். எல்சாஸ்தான் நீங்கள் லொகின் ஆகும்போது பாஸ்வேர்டைச் சரிபார்க்கிறது. அது நின்றால் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். 2004ஆம் ஆண்டு சாசர் என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கிறதா? எல்சாஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாகத்தான் அது நுழைந்தது. எல்சாஸ் விழும், திரையில் 60 வினாடி எண்ணும், மெஷின் அணைந்து திரும்ப எரியும். ‘எல்சாஸ் என்றால் வைரஸ்’ என்ற பேச்சு இன்னும் சுற்றுவதற்கு அந்தப் பழைய கதையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி சர்விஸ் ஹோஸ்ட். விண்டோஸில் பல வேலைகள் தனி புரோகிராமாக இல்லை, டிஎல்எல் ஃபைலாக இருக்கின்றன. வைஃபை பிடிப்பது, நேரத்தைச் சரிசெய்வது, பிரிண்டரைத் தேடுவது, அப்டேட் இறக்குவது என்று எத்தனையோ. டிஎல்எல் ஃபைல் தானாக ஓடாது. யாராவது அதைத் தூக்கி ஓட்ட வேண்டும். அந்த ஓட்டுகிற ஆள்தான் சர்விஸ் ஹோஸ்ட். ஃபைலின் பெயர் எஸ்விசிஹோஸ்ட்.

முன்பு ஒரே ஹோஸ்டுக்குள் பத்துப் பதினைந்து சர்விஸைப் போட்டு ஓட்டுவார்கள். நம்முடைய தோட்டத்து லயம் மாதிரி: ஒரே கூரை, வரிசையாகக் காம்பரா அறைகள். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் லயம் முழுக்கப் போகும். 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து ஒவ்வொரு சர்விஸுக்கும் தனித்தனி வீடு கொடுத்துவிட்டார்கள். ராம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் மட்டும். உங்களுடையது 4 ஜிபி என்பதால் அந்தக் கணக்கில் வந்துவிட்டது. அதனால்தான் அறுபது.

#4 மூணுவீல் ராஜா

தனி வீடா! அப்படியென்றால் தோட்டத்து வீட்டுத் திட்டம் மாதிரி ஆளுக்கு 7 பேர்ச் காணி வேண்டுமே அண்ணே?

#5 சிங்கமலை

@மூணுவீல் ராஜா சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் அதுதான் தம்பி. தனித்தனியாக வைத்தால் ராம் கூடுதலாகப் பிடிக்கும். அதனால்தான் ராம் குறைந்த மெஷினில் பழையபடி சேர்த்தே ஓட்டுகிறார்கள். ஃபயர்வால் சம்பந்தப்பட்ட இரண்டு சர்விஸ் போலச் சில மட்டும் இன்றைக்கும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

பிரித்ததால் நமக்கு ஒரு பெரிய வசதி. ஒவ்வொரு சர்விஸ் ஹோஸ்டின் பக்கத்திலும் உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டினால் உள்ளே இருக்கும் சர்விஸின் பெயர் வரும். டிஸ்க்கைத் தின்பது அப்டேட்டா, வேறெதுவுமா என்று நேராகத் தெரியும். முன்பு பத்துப் பேருக்கு நடுவே யாரென்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

போலியைக் கண்டுபிடிப்பதும் பெரிய வித்தையில்லை. அந்தப் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32 என்று போனால் சரி. 64 பிட் மெஷினில் சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரிலும் ஒரு பிரதி இருக்கும், அதுவும் மைக்ரோசொஃப்டுடையதுதான். டெம்ப், ஆப்டேட்டா, டவுன்லோட்ஸ் என்று எங்காவது போனால்தான் கவலைப்பட வேண்டும். எழுத்தையும் கூட்டிப் படியுங்கள். ஓர் எழுத்தை மாற்றி, ஓர் எழுத்தைக் கூட்டி அதே மாதிரிப் பெயர் வைப்பது பழைய தந்திரம்.

#6 தலவாக்கலை டீச்சர்

ரொம்ப நன்றி அண்ணா. பார்த்தேன், நான் தட்டிப் பார்த்தவை எல்லாமே சிஸ்டம்32 தான். அப்படியென்றால் டிஸ்க் ஏன் 100இல் நிற்கிறது? மேலே நிற்பவை இவை: ‘ஆன்டிமால்வேர் சர்விஸ் எக்சிக்யூட்டபிள்’, ‘விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர் வேர்க்கர்’, ‘மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் சேர்ச் இண்டெக்சர்’, ‘சர்விஸ் ஹோஸ்ட்: சிஸ்மெயின்’. இன்னொரு சந்தேகம். ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘சிஸ்டம் ஐடில் புரோசஸ்’ 80, 90 என்று சிபியுவைத் தின்கிறது. அதை நிறுத்த விடமாட்டேன் என்கிறது.

#7 செக்ரோல் கிளாக்கர்

டீச்சர், ஐடில் புரோசஸ் தின்பது அல்ல, மிச்சம். சிபியு 90 சதவீதம் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். அது கூடக் கூட நல்லது. இதைக் காட்டிப் பணம் வாங்கிய கடையையும் பார்த்திருக்கிறேன்.

மற்றதற்கு என் அனுபவம். எங்கள் தோட்ட ஆபீஸில் இரண்டு மெஷின். ஒரே நாளில் வாங்கியது, ஒரே மொடல். செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு போடுகிற மெஷின் காலையிலிருந்து மாலை வரை ஓடும், ஒரு தொல்லையும் இல்லை. மற்றது கீழ் டிவிஷனில் கிடக்கிறது. சம்பளக் கணக்கு நேரத்தில் மட்டும்தான் அதைத் திறப்பார்கள். திறந்த உடனே டீச்சர் சொல்கிற அதே கூத்து, அதே பெயர்கள். இரண்டிலும் இருப்பது ஒரே விண்டோஸ். எனக்கு இது இன்றுவரை விளங்கவில்லை.

#8 சிங்கமலை

கிளாக்கர் ஐயா சொன்னதிலேயே விடை இருக்கிறது.

விண்டோஸில் ‘ஓட்டோமேட்டிக் மெயின்டனன்ஸ்’ என்று ஒன்று உண்டு. சாதாரணமாக அதற்கு விதித்த நேரம் அதிகாலை 2 மணி. வைரஸ் ஸ்கேன், டிஸ்க்கை ஒழுங்குபடுத்துவது, பழைய அப்டேட் குப்பையைக் கழிப்பது என்று பலவற்றை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ஆபீஸில் இரவெல்லாம் மெஷின் எரிந்துகொண்டிருக்கும். நம் பக்கத்தில் யார் அதிகாலை 2 மணிக்கு கொம்பியூட்டரைப் போட்டு வைப்பார்கள்? மின்னலுக்குப் பயந்து பிளக்கையே கழற்றிவிட்டல்லவா படுப்போம்.

நேரம் தவறினால் வேலை ரத்தாகாது. அடுத்து மெஷின் எரியும்போது, ஆள் கை வைக்காத நேரம் பார்த்துத் தொடங்கும். நீங்கள் கை வைத்தால் ஒதுங்கும். திரும்பச் சும்மா விட்டால் திரும்பத் தொடங்கும். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் தொடங்கவே தொடங்காது, கரண்டில் செருகியிருக்க வேண்டும். ஆகவே வாரத்துக்கு இரண்டு மணிநேரம் திறந்து, அந்த இரண்டு மணிநேரமும் டைப் செய்து, முடிந்ததும் மூடுகிறவருக்கு அந்த வேலைகள் முடிவதேயில்லை. வாரா வாரம் சேர்ந்துகொண்டே போகும். அதற்கு மேலே அப்டேட் வேறு. அப்டேட்டை நிறுவுகிறவர்தான் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர் வேர்க்கர். ஆன்டிமால்வேர் வைரஸ் தேடுகிறவர், இண்டெக்சர் ஃபைல் தேடலுக்கு அட்டவணை போடுகிறவர். உங்கள் நான்கு பெயர்களும் வேலை முடியாமல் தவிக்கிறவர்கள் டீச்சர், திருடர்கள் அல்ல.

செய்யவேண்டியது: வானிலை நல்லதாக உள்ள ஓர் இரவு, சார்ஜரைச் செருகி, ஸ்லீப் போகாதபடி செட்டிங்கை மாற்றி, எதையும் திறக்காமல் விட்டுவிட்டுப் படுங்கள். காலையில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட்.

#9 மூணுவீல் ராஜா

இரண்டும் ஒன்றுதானே அண்ணே?

#10 சிங்கமலை

இல்லை தம்பி. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருக்கும் மெஷினில் ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மட்டும்தான் மூடும். விண்டோஸின் உட்பகுதி அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டு, அடுத்த தடவை அங்கிருந்து எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்க இறங்கி ஏறும். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபோமன்ஸ்’, அதில் சிபியு. கீழே ‘அப் டைம்’ என்று ஓர் எண் இருக்கும். நேற்றிரவு ஷட்டவுன் செய்த மெஷினில் அது பல நாட்களைக் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

#11 ஹப்புத்தளைக் காற்று

இரவெல்லாம் போட்டு வைக்கச் சொல்கிறீர்கள், டேட்டாவை யார் கொடுப்பது? எங்கள் வீட்டில் ஃபோன் ஹொட்ஸ்பொட்தான். லேப்டாப்பைத் தொடுத்த ஒரு மணிநேரத்தில் கார்ட் போட்ட டேட்டா காலி. தங்கச்சி உயர்தர வகுப்புக்கு சூமில் உட்கார்ந்தால் பாதியில் போய்விடும்.

#12 செக்ரோல் கிளாக்கர்

@ஹப்புத்தளைக் காற்று ஹொட்ஸ்பொட்டில் இணைந்திருக்கும்போது செட்டிங்ஸ், நெட்வேர்க், அந்த வைஃபையின் ‘புரொப்பர்ட்டீஸ்’ போங்கள். ‘செட் ஆஸ் மீட்டர்ட் கனெக்ஷன்’ (அளவுள்ள டேட்டா இணைப்பு) என்பதை ஆன் செய்யுங்கள். அந்த இணைப்பில் பெரும்பாலான அப்டேட்டுகளைத் தானாக இறக்காது. ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அப்பாவின் ஃபோனுக்குச் செய்துவிட்டு அண்ணனின் ஃபோனில் தொடுத்தால் பழைய கதைதான்.

‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ என்பதையும் பாருங்கள். ஒரு மெஷின் இறக்கிய அப்டேட்டைப் பக்கத்து மெஷினுக்குப் பகிர்வது அது. ஆபீஸில் நாலு மெஷின் இருந்தால் லாபம். ஆனால் இணையத்தில் உள்ள யாருக்கோ அனுப்பவும் அதில் ஒரு தெரிவு உண்டு. ஹொட்ஸ்பொட்காரர்கள் முழுக்க ஓஃப் செய்துவிடுங்கள்.

எது தின்றது என்று அறிய ‘டேட்டா யூசேஜ்’ என்ற பக்கம் இருக்கிறது. கடந்த 30 நாட்களின் கணக்கு புரோகிராம் வாரியாக வரும்.

#13 சிங்கமலை

கிளாக்கர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மீட்டர்ட் போட்டுவிட்டு அப்டேட்டையே மறந்துவிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அந்த வழியாகத்தான் வருகின்றன. சாசர் பரவுவதற்கு இரண்டு வாரம் முன்பே, 2004 ஏப்ரல் 13இல், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இரவு டேட்டா தனியாகக் கிடைக்கிற பேக்கேஜ் வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் மீட்டர்டை எடுத்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம்.

ஆனி, ஆடியில் நோர்வூட், மஸ்கெலியா பக்கம் காற்றுக்கு மரம் சாய்ந்து கரண்ட் போகும் காலத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். அதுவும் பேட்டரி செத்த லேப்டாப்பில் கூடவே கூடாது. அப்டேட் பாதியில் நின்றால் அடுத்த தடவை அதைத் திரும்பக் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுபோகவே நேரம் போகும்.

#14 பேராதனை பென்குவின்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுங்கள் டீச்சர். 4 ஜிபி ராமுக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டொப் வைத்த ஒன்று போதும். அங்கேயும் பின்னணிப் புரோசஸ் ஏராளம்தான், ஆனால் ஒளிவுமறைவில்லை. முதலில் எழும்புவது சிஸ்டம்டி, அதன் புரோசஸ் எண் 1. மற்ற சர்விஸ்களை எழுப்புவது, விழுந்தால் தூக்கிவிடுவது எல்லாம் அதன் பொறுப்பு. எந்த சர்விஸ் எழும்ப எத்தனை வினாடி எடுத்தது என்பதைக்கூட ஒரே கட்டளையில் பட்டியலாகத் தரும். வேண்டாததை நிறுத்தினால் நிறுத்தினதுதான்.

அத்தோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்புகள் பல விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலிலும் இல்லை. என்றாவது ஒரு நாள் யோசிக்கத்தான் வேண்டும்.

#15 தலவாக்கலை டீச்சர்

தம்பி, ஆசை இருக்கிறது. ஆனால் வினாத்தாள்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வேர்டில் கிடக்கின்றன. கல்வி வலயத்திலிருந்து வருகிற எக்செல் படிவங்களில் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) வேறு. அங்கே போய் ஒரு கட்டம் நகர்ந்தால் யார் பதில் சொல்வது? லீவில் பழைய மெஷின் ஒன்று கிடைத்தால் பழகிப் பார்க்கிறேன்.

#16 ஹப்புத்தளைக் காற்று

மீட்டர்ட் வேலை செய்கிறது, கிளாக்கர் அங்கிளுக்கு நன்றி. டீச்சர் சொன்ன சிஸ்மெயினை நான் சர்விஸஸில் போய் டிஸேபிள் செய்துவிட்டேன். டிஸ்க் இறங்கிவிட்டது. டீச்சரும் அதைச் செய்யலாம்.

#17 சிங்கமலை

எனக்கு இதில் உடன்பாடில்லை. சிஸ்மெயினின் பழைய பெயர் சூப்பர்ஃபெட்ச், விஸ்டாவிலிருந்து இருக்கிறது. நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராமை முன்கூட்டியே ராமில் கொண்டுவந்து வைப்பதுதான் அதன் வேலை. மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்காகவே உருவாக்கியது. நிறுத்தினால் முதல் பத்து நிமிடம் சுகம், அப்புறம் வேர்ட் திறக்கும்போது காத்திருப்பீர்கள்.

#18 செக்ரோல் கிளாக்கர்

சிங்கமலை சொல்வது 8 ஜிபிக்குச் சரி. 4 ஜிபியில் முன்கூட்டிக் கொண்டுவந்து வைக்க இடம் எங்கே இருக்கிறது? கொண்டுவந்ததைத் திரும்ப வெளியே தள்ள வேண்டியதுதான். கீழ் டிவிஷன் மெஷினில் நான் நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். இதை நிறுத்துவதால் விண்டோஸ் உடையாது, வேண்டாம் என்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். செய்து பார்த்து அவரவர் முடிவெடுக்கட்டும்.

#19 சிங்கமலை

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறுத்துவதற்கு முன் ‘ரிசோர்ஸ் மொனிட்டர்’ திறந்து மெமரி பக்கத்தில் ‘ஹார்ட் ஃபோல்ட்ஸ்’ என்ற வரைபடத்தைப் பார்க்கச் சொல்வேன். ராமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்கும் எண்ணிக்கை அது. வேர்டும் குரோமும் திறந்திருக்கும்போது அது விடாமல் ஏறியே நின்றால், நோய் ராம் பற்றாக்குறை. எந்த சர்விஸை நிறுத்தினாலும் கொஞ்ச நேரத்து நிம்மதிதான்.

#20 தலவாக்கலை டீச்சர்

இரவெல்லாம் விட்டுப் பார்த்தேன். காலையில் ரீஸ்டார்ட் கொடுத்ததும் பெரிய வித்தியாசம். இண்டெக்சர், இன்ஸ்டோலர் இரண்டும் அடங்கிவிட்டன, டிஸ்க் 10க்குக் கீழே. ஹார்ட் ஃபோல்ட்ஸ் வேர்டில் சும்மா இருக்கிறது, குரோம் திறந்தால் ஏறுகிறது. ஆக ராமும் குறைவுதான்.

பட்டியல் அடங்கிய பிறகு ஒன்று கண்ணில் பட்டது: ‘மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் பேஸ்ட் ஸ்க்ரிப்ட் ஹோஸ்ட்’. எப்போதும் இருக்கிறது. ஃபைல் லொகேஷன் பார்த்தேன், சிஸ்டம்32 தான். நல்லதுதானே?

#21 பேராதனை பென்குவின்

டீச்சர், அதை அப்படியே விடாதீர்கள்! சிங்கமலை அண்ணன் சொன்ன இடம் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. அந்த புரோகிராம், அதாவது டபிள்யூஸ்க்ரிப்ட், உண்மையிலேயே மைக்ரோசொஃப்டுடையதுதான். ஆனால் வேறொருவர் எழுதிய ஸ்க்ரிப்டை, அதாவது கட்டளைப் பட்டியலை, ஓட்டுவதுதான் அதன் தொழில். ஓட்டுகிறவர் நல்லவர், கையில் இருக்கும் காகிதம்தான் யாருடையது என்று பார்க்க வேண்டும்.

‘டீட்டெய்ல்ஸ்’ பக்கம் போய், தலைப்பு வரிசையில் ரைட் கிளிக், ‘செலக்ட் கொலம்ஸ்’, அதில் ‘கமாண்ட் லைன்’. அப்போது டபிள்யூஸ்க்ரிப்டுக்குப் பக்கத்தில் எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று முழு வரியும் வரும். அதை இங்கே போடுங்கள். உங்கள் பெயர் தெரிந்தால் அதை மட்டும் அழித்துவிட்டுப் போடுங்கள்.

#22 தலவாக்கலை டீச்சர்

ஆப்டேட்டா, ரோமிங் என்று போகிறது. கடைசியில் அர்த்தமில்லாத எழுத்துகளில் ஒரு பெயர், முடிவில் விபிஎஸ். இப்போதுதான் ஞாபகம் வருகிறது, ஸ்டாஃப் ரூமில் எல்லோருடைய பென் டிரைவிலும் ஃபைல்கள் ஷோர்ட்கட்டாக மாறிக் கிடக்கின்றன. கிளிக் செய்தால் திறக்கும், அதனால் யாரும் பொருட்படுத்தவில்லை.

#23 சிங்கமலை

பென்குவின் தம்பி பிடித்துவிட்டார். இது பென் டிரைவ் ஷோர்ட்கட் வைரஸ். உங்கள் உண்மையான ஃபைல்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும். நீங்கள் தட்டும்போது ஃபைலையும் திறக்கும், தன்னையும் ஓட்டிக்கொள்ளும். மெஷினில் எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் அதிலும் ஏறும்.

இந்த டபிள்யூஸ்க்ரிப்டுக்குத் தாராளமாக எண்ட் டாஸ்க் கொடுக்கலாம். கொடுத்த உடனே அந்த விபிஎஸ் ஸ்க்ரிப்ட் ஃபைலை அழியுங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்தில் அதே பெயர் இருந்தால் டிஸேபிள் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை திரும்ப எழும்பும். கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர் ஒஃப்லைன் ஸ்கேன்’. விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும், ஏறத்தாழ 15 நிமிடம். திறந்திருப்பதை எல்லாம் சேவ் செய்துவிட்டுத் தொடங்குங்கள், மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

பென் டிரைவில் ஷோர்ட்கட்டுகளை மட்டும் அழியுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ ஒப்ஷனில் மறைந்த ஃபைல்களையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால் வினாத்தாள்கள் அப்படியே இருப்பது தெரியும். அவற்றை வேறு ஃபோல்டருக்குக் கொப்பி செய்துவிட்டு டிரைவை ஃபோர்மெட் அடியுங்கள். ராஜா தம்பி கேட்ட ஃபோர்மெட் கடைசியில் பென் டிரைவுக்குத்தான் வாய்த்தது.

#24 செக்ரோல் கிளாக்கர்

ஸ்டாஃப் ரூம் மெஷினை முதலில் சுத்தம் செய்யாமல் டீச்சருடையதை மட்டும் செய்தால், திங்கட்கிழமையே திரும்ப வந்துவிடும். பிரிண்ட் எடுக்கிற கடைக்கும் பென் டிரைவைக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

#25 தலவாக்கலை டீச்சர்

அழித்துவிட்டேன், ஸ்கேனும் ஓடி முடிந்தது. இரண்டு ஃபைல் பிடித்திருக்கிறது. டபிள்யூஸ்க்ரிப்ட் இப்போது பட்டியலில் இல்லை. திங்கட்கிழமை அதிபரிடம் கேட்டு ஸ்டாஃப் ரூம் மெஷினில் உட்காருகிறேன். அதில் விண்டோஸ் 7, ராம் 2 ஜிபி. அங்கேயும் கமாண்ட் லைன் பார்க்கிற வழி இதேதானா?

#26 பேராதனை பென்குவின்

ஆமாம் டீச்சர், கிட்டத்தட்ட இதேதான். டாஸ்க் மேனேஜரில் ‘புரோசசஸ்’ பக்கம், மேலே ‘வியூ’, ‘செலக்ட் கொலம்ஸ்’, அதில் கமாண்ட் லைன். ஸ்டார்ட்அப் பக்கம் மட்டும் அங்கே டாஸ்க் மேனேஜரில் இருக்காது. ரன் பெட்டியில் எம்எஸ்கொன்ஃபிக் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து போங்கள். அந்த மெஷினில் சர்விஸ் ஹோஸ்ட் பத்துப் பதினைந்துதான் இருக்கும். குறைகிறதே என்று பயப்படாதீர்கள், அது பழைய லயம்.